பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலு பேர்தான் பேசுகிறார்கள், என்ன செய்யலாம்?

செங்காந்தள்:
கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளி. 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறபடி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆனால் வாய் திறப்பது பட்டம் படித்த நாலு பேர். சித்தாள் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற தாய்மார்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வெளியே பார்த்தாலும் இரண்டு தரப்பும் பேசிக்கொள்வதில்லை.

மருதம்:
மேடம், முதலில் நேரம். பகலில் கூட்டம் என்றால் மாதச் சம்பளக்காரருக்கு ஒரு பர்மிஷன் போதும், கூலிக்காரருக்கு அரை நாள் கூலி போச்சு. அதை அக்கறையின்மை என்று எழுதுவது அநியாயம். தேதியை மாற்ற முடியாவிட்டால் முந்தின நாள் மாலை அவர்கள் தெருவிலேயே அரை மணி நேரம் கூடி, கேட்க வேண்டியதை எழுதி வாங்குங்கள்.

அடுத்தது தீர்மான நோட்டு. கூட்டம் முடிகிற நேரத்தில் நோட்டை நீட்டினால், எழுத்துக்கூட்டிப் படிப்பவர் எதிரே டீச்சர் நிற்கும்போது எதுவும் கேட்கமாட்டார். ஒவ்வொரு தீர்மானத்தையும் உரக்க வாசித்த பிறகே கையெழுத்து. மானியக் கணக்கில் ‘பராமரிப்புச் செலவு’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். கழிப்பறைக்கு எத்தனை குழாய், ஒன்று என்ன விலை என்று வாசியுங்கள். கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அந்த விலை அத்துப்படி. அவர் பேச ஆரம்பிப்பது அங்கேதான்.

குறிஞ்சி:
மருதம் சொல்வது பேசவைக்கும், ஆனால் இரண்டு தரப்புக்கும் நடுவே பழக்கம் அதில் வராது. தில்லியில் 2007 முதல் பல தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டி வந்தது. பொருளியலாளர் கௌதம் ராவ் அதை ஆராய்ந்தார். சில பள்ளிகளில் பெயரின் அகரவரிசைப்படி படிப்புக் குழு பிரித்திருந்தார்கள். அப்படி ஏழைப் பிள்ளைகளோடு ஒரே குழுவில் சேர்ந்து படித்த வசதியான பிள்ளைகளிடம் பாகுபாடு நன்றாகவே குறைந்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நம்மிடம் விட்டால் நம்மைப் போன்றவர் பக்கத்தில்தான் போய் உட்காருவோம்.

அதனால் சத்துணவு, கழிப்பறை, இடைநிற்றல் என்று வேலைகளைப் பிரித்து, பெயர் வரிசைப்படி மூன்று மூன்று பேராகப் போடுங்கள். இரண்டு பேர் வேண்டாம், ஒருவர் வராவிட்டால் வேலை நின்றுவிடும். மாதா மாதம் ஆளையும் மாற்றாதீர்கள். கணக்கு எழுதுவதை மட்டும் எப்போதும் படித்தவரிடமே கொடுத்துவிட்டால் மற்ற இருவரும் எடுபிடியாகிவிடுவார்கள்.

நெய்தல்:
வாட்ஸ்அப் குழுவில் நீளமாகத் தட்டச்சு செய்து போடாதீர்கள், தலைமையாசிரியரே குரல் பதிவில் பேசட்டும். குரலில் கேட்டால் பதிலும் குரலில் வரும். வருகைப்பதிவு வாசிக்கும்போது ஒருவரை ‘மேடம்’ என்றும் இன்னொருவரை வெறும் பெயர் சொல்லியும் கூப்பிடுகிற வழக்கம் இருந்தால் அதை இந்தக் கூட்டத்திலேயே நிறுத்துங்கள். எல்லாருக்கும் ‘அம்மா’, இல்லையென்றால் எல்லாருக்கும் ‘மேடம்’.