லாஸ் வேகாஸ்: கூட்டம் குறைந்தும் சூதாட்ட வருவாய் ஏன் குறையவில்லை?

கேள்வி: பீனிக்ஸ்வாசி

வணக்கம். அரிசோனாவிலும் தெற்குக் கலிபோர்னியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் கிராண்ட் கேன்யனோடு லாஸ் வேகாஸையும் சேர்த்துக் காட்டி வருவது நெடுநாள் வழக்கம். எங்கள் வீட்டில் யாரும் சூதாடுவதில்லை. குறைந்த வாடகைக்குக் கிடைத்த நல்ல அறை, நடந்தே சுற்றிப் பார்க்கக்கூடிய சாலை, பெலாஜியோ விடுதியின் நீரூற்று, சைவம் உண்பவருக்கும் வயிறு நிறையும் பஃபே ஆகியவைதாம் எங்களை அங்கே இழுத்தன. இம்முறை பயணத்துக்குக் கணக்குப் போட்டபோது ரிசார்ட் கட்டணம் (விடுதி வசதிகளுக்கென்று வாடகைக்கு மேல் கட்டாயமாக வாங்குவது), வரி, வாகன நிறுத்தக் கட்டணம் ஆகிய மூன்றும் சேர்ந்து அறை வாடகையையே மிஞ்சிவிட்டன.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது எனக்குப் புரியாத ஒன்று எதிர்ப்பட்டது. நகரின் சுற்றுலா ஆணையத்தின் கணக்குப்படி 2024-இல் சுமார் 4.17 கோடிப் பேர் வந்த ஊருக்கு 2025-இல் சுமார் 3.85 கோடிப் பேரே வந்திருக்கிறார்கள், ஏறத்தாழ 7.5 விழுக்காடு சரிவு. ஆனால் ஜூலை 2025-இல் வருகை 12 விழுக்காடு குறைந்த அதே மாதத்தில், பெரிய விடுதிகள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையில் உள்ள கேசினோக்களின் சூதாட்ட வருவாய் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. ஆள் குறைந்தும் பணம் கூடுவது எப்படி? வருகை குறைந்ததற்கு விலைதான் காரணமா, அரசியலா? இன்னொரு சூதாட்ட நகரமான அட்லாண்டிக் சிட்டிக்கு நேர்ந்த சரிவு இங்கும் நேருமா? துறையை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: நெவாடா நண்பன்

விடுதித் துறையில் கணக்கு வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1931-இல் நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய பின், அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த ஊரில் பணம் ஈட்டியது மேசையும் எந்திரமும்தான். அறை, உணவு, மது, இசை நிகழ்ச்சி எல்லாம் ஆளை மேசைக்கு அழைத்துவரும் செலவாகவே கருதப்பட்டன. 1989-இல் மிராஜ் என்ற விடுதி திறக்கப்பட்டபோது விடுதியே காண வேண்டிய பொருளாயிற்று. 1990களின் இறுதியில் ஸ்ட்ரிப்பில் சூதாட்டம் அல்லாத வருவாய் சூதாட்ட வருவாயை முந்தியது. இன்று பெரிய விடுதிகளின் மொத்த வருவாயில் சூதாட்டத்தின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே சூதாடாத உங்கள் குடும்பத்தை முன்பு மலிவாகத் தங்கவைத்த ஏற்பாடு இப்போது இல்லை. அறையும் உணவகமும் வாகன நிறுத்தமும் தனித்தனியே இலாபம் காட்ட வேண்டும் என்பதே இன்றைய நிர்வாக முறை.

இதற்கு மேல் ஒன்று உண்டு; வெளியிலிருந்து எழுதுபவர்கள் அதற்குப் போதிய கவனம் தருவதில்லை என்பது என் வருத்தம். விடுதி நிறுவனங்கள் தங்கள் கட்டடங்களையும் நிலத்தையும் முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றுவிட்டு, அதே கட்டடத்தில் வாடகைக்கு இருந்து தொழில் நடத்துகின்றன. 2019-இல் ஸ்ட்ரிப்பில் பல விடுதிகளை நடத்தும் எம்ஜிஎம் நிறுவனம் பெலாஜியோவை 425 கோடி டாலருக்கு பிளாக்ஸ்டோன் தலைமையிலான கூட்டு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுத்து, ஆண்டுக்கு 24.5 கோடி டாலரில் தொடங்கி உயர்ந்துகொண்டே போகும் வாடகைக்கு ஒப்புக்கொண்டது. சீசர்ஸ் பேலஸ், எம்ஜிஎம் கிராண்ட், வெனிஷியன் ஆகியவற்றின் கட்டடங்கள் இன்று விச்சி என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். கட்டடம் தன்னுடையதாக இருந்தவரை, மந்தமான ஓர் ஆண்டில் இலாபத்தைக் குறைத்துக்கொண்டு விலையைத் தணிக்க உரிமையாளரால் முடிந்தது. வாடகை கட்டுபவருக்குக் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை ஒன்றுதான். அதனால் வந்திருப்பவரிடமே கூடுதலாக வாங்கப் பார்க்கிறார்.

விலையேற்றத்துக்குத் தொழிலாளர் ஊதியமே காரணம் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. சமையல் தொழிலாளர் சங்கம் ஐந்து ஆண்டுகளில் சுமார் 32 விழுக்காடு உயர்வு தரும் ஒப்பந்தத்தைப் பெற்றது 2023 நவம்பரில். எம்ஜிஎம் தன் விடுதிகளில் வாகன நிறுத்தத்துக்குப் பணம் வாங்கத் தொடங்கியது 2016-இல். ரிசார்ட் கட்டணம் அதற்கும் முந்தியது. இப்போது பல பெரிய விடுதிகளில் அது ஓர் இரவுக்கு 50 டாலரை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது. அதன் மீதும் 13 விழுக்காட்டுக்குச் சற்று மேலான அறை வரி உண்டு. 2025 மே 12 முதல் முழு விலையையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி நடைமுறைக்கு வந்தது. அது நேர்மையான விதி. ஆனால் மறைந்திருந்த தொகை வெளிப்படையாகத் தெரிந்ததும் பலர் பயணத்தையே கைவிட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்வி. வராமல் போனவர்கள் பெரும்பாலும் குறைவாகச் செலவிடுபவர்கள். பாக்கரா என்ற சீட்டாட்ட மேசையில் பெருந்தொகை வைத்து ஆடும் செல்வந்தர்கள் தொடர்ந்து வருகிறார்கள். அவர்களில் சிலர் ஒரு மாதத்தில் தோற்பதோ வெல்வதோ ஸ்ட்ரிப்பின் மொத்தக் கணக்கையே மாற்றிவிடும்.

பதில்: கணிதப்பிரியன்

மேலே சொன்னதோடு மேசை விதிகளின் மாற்றத்தையும் சேர்க்க வேண்டும். பிளாக்ஜாக் ஆட்டத்தில் முதல் இரு சீட்டுகளிலேயே 21 கிடைத்தால் 10 டாலர் பந்தயத்துக்கு 15 டாலர் தருவது பழைய முறை. இப்போது ஸ்ட்ரிப்பில் சிறு பந்தய மேசைகளில் பெரும்பாலானவை 12 டாலரே தருகின்றன. இதனால் கேசினோவின் சாதகம், அதாவது பந்தயத் தொகையில் சராசரியாக அதற்குச் சேரும் பங்கு, சுமார் 1.4 விழுக்காட்டுப் புள்ளி உயர்கிறது. 25 டாலர் பந்தயத்தில் மணிக்கு 60 ஆட்டம் ஆடுபவர், இந்த ஒரு மாற்றத்தால் மட்டும் மணிக்குச் சராசரியாக 20 டாலர் கூடுதலாக இழக்கிறார்.

எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுழற்றி ஆடும் ரூலெட்டிலும் இதே போக்குத்தான்; சக்கரத்தில் சுழியங்கள் கூடக்கூடக் கேசினோவின் சாதகம் கூடும். ஒற்றைச் சுழியச் சக்கரத்தில் கேசினோவின் சாதகம் 2.7 விழுக்காடு, அமெரிக்க இரட்டைச் சுழியத்தில் 5.26, 2016-இல் வெனிஷியனில் அறிமுகமாகிப் பிறகு பரவிய மூன்று சுழியச் சக்கரத்தில் 7.69. ஆள் குறைந்தாலும் ஒவ்வொருவரிடமிருந்தும் விரைவாகப் பணம் போவதால் மொத்தம் குறையாமல் நிற்கிறது. இரண்டு இரவுகளுக்கென்று ஒதுக்கிய பணத்தை முதல் மாலையிலேயே இழந்தவர், காரணத்தைக் கணக்கிட்டு அறியாவிட்டாலும், அடுத்த ஆண்டு வரத் தயங்குவார். அந்த இழப்பு இவ்வாண்டின் வருவாய்க் கணக்கில் தெரியாது.

பதில்: ரொறன்ரோத் தோழி

அரசியலா என்று கேட்டிருந்தீர்கள். கனேடியர்களைப் பொறுத்தவரை ஆம் என்றே சொல்வேன். லாஸ் வேகஸுக்கு அதிக வெளிநாட்டுப் பயணிகளை அனுப்பிய நாடு எங்களுடையது. 2024-இல் சுமார் 14 இலட்சம் பேர் போனார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா விதித்த இறக்குமதி வரிகளும், கனடாவை 51ஆவது மாநிலமாக்குவது பற்றிய பேச்சும் இங்கே மக்களை ஆழமாகக் காயப்படுத்தின. பலர் அமெரிக்கப் பயணத்தைத் தாமாகவே கைவிட்டார்கள். விமான நிறுவனங்களும் அந்த வழித்தடத்தில் இருக்கைகளைக் குறைத்தன.

எங்கள் சமூகத்தில் இன்னொரு தயக்கமும் உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டோடு கனடாவில் நிரந்தர வதிவுரிமை பெற்று வாழ்பவர்களுக்கு அமெரிக்கா செல்ல விசா தேவை. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் விசாவுக்குக் கூடுதலாக 250 டாலர் கட்டணத்துக்கு வழி செய்திருக்கிறது. எல்லையில் எத்தகைய விசாரணை நடக்குமோ என்ற அச்சமும் சேர்ந்தால், வயதான தாய் தந்தையை அழைத்துக்கொண்டு யார் புறப்படுவார்கள்? இருந்தாலும் விலையைத் தள்ளிவைக்க முடியாது. அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 1.40 கனேடிய டொலர் கொடுக்கும்போது, அங்குள்ள ஒவ்வொரு விலையும் எங்களுக்கு இன்னும் உயரத்தில் நிற்கிறது.

பீனிக்ஸ்வாசி

மூவருக்கும் நன்றி. ஓர் ஐயம் எஞ்சுகிறது. செல்வந்தர்கள் கூடுதலாகச் செலவிட்டு மொத்த வருவாய் நிலைத்திருக்குமானால், நகரத்துக்கு உண்மையில் இழப்பு என்ன?

பதில்: ஹென்டர்சன் ஆசிரியை

இழப்பு தொழிலாளர் வீடுகளில் இருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் விடுதிகளில் அறை துப்புரவு செய்பவர்கள், பரிமாறுபவர்கள், வண்டி ஓட்டுபவர்கள். ஒரு செல்வந்தர் மேசையில் பத்து இலட்சம் டாலர் தோற்றாலும் அவருக்கு வேண்டியது ஓர் அறையும் ஓரிரு பணியாளர்களும்தான். அதே தொகையை ஆயிரம் குடும்பங்கள் செலவிட்டிருந்தால் அறைகளும் உணவு மேசைகளும் டாக்சிகளும் நிறைந்திருக்கும். வேலை என்பது தலைக்கணக்கைப் பின்பற்றுகிறது. 2025 ஜூனில் அறைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் காலியாக இருந்தன. இத்தகைய மாதங்களில் பணிநீக்கம் என்ற அறிவிப்பு இல்லாமலேயே, அழைத்தால் மட்டும் வரும் பணியாளருக்கு அழைப்பு வராமல் போகிறது. வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்த தாய் மூன்று நாள் மட்டுமே போனால், அது எந்த வேலையின்மைப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறாது. டிப்ஸில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை கூட்டாட்சி வருமான வரிக் கழிவு பெற 2025-இல் சட்டம் வந்ததை நான் வரவேற்கிறேன்; ஆனால் டிப்ஸ் தரும் விருந்தினர் வந்தால்தான் அந்தச் சலுகை அவர்கள் கைக்கு எட்டும்.

பள்ளிகளையும் இது தொடுகிறது. நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது. கேசினோ வருவாய் மீதான வரியும் அதிக அளவாக 6.75 விழுக்காடுதான். அறை வரியின் ஒரு பகுதி பள்ளிகளுக்குச் செல்கிறது. அலீஜியன்ட் விளையாட்டரங்குக்கு அரசு தந்த 75 கோடி டாலரும் அறை வரியை நம்பித் திரட்டியதுதான். பாக்கரா மேசையில் கிடைத்த வருவாய், காலியான அறையின் வரியை ஈடுசெய்யாது. ஆகவே “வருவாய் குறையவில்லை” என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

பதில்: நெவாடா நண்பன்

ஆசிரியை அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அட்லாண்டிக் சிட்டி பற்றிய கேள்விக்கு: அங்கே 2006-இல் சுமார் 520 கோடி டாலராக இருந்த சூதாட்ட வருவாய், பென்சில்வேனியா முதலிய அண்டை மாநிலங்கள் தத்தம் கேசினோக்களைத் திறந்தபின் ஏறத்தாழ பாதியாயிற்று, 2014-இல் மட்டும் நான்கு கேசினோக்கள் மூடப்பட்டன. அந்த ஊரை வீழ்த்தியது அண்டைப் போட்டி. வேகாஸோ கலிபோர்னியாவின் பழங்குடியினர் கேசினோக்களையும், 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நாடெங்கும் பரவிய விளையாட்டுப் பந்தயத்தையும் தாங்கி நின்ற ஊர். மாநாடுகள், விளையாட்டரங்கு, 2023-இல் திறந்த ஸ்பியர் என்ற கோள வடிவ அரங்கு ஆகியவை அதற்குத் தனி வலிமை. எனவே அதே முடிவு வரும் என்று நான் கருதவில்லை. இங்குள்ள சேதத்தின் பெரும்பகுதி நிர்வாகங்கள் தாமே வைத்த விலையால் வந்தது. அவர்கள் நினைத்தால் திருத்தலாம். 2025 அக்டோபரில் எம்ஜிஎம் தலைமை நிர்வாகி பில் ஹார்ன்பக்கிள், எக்ஸ்காலிபர் விடுதியில் காபி 12 டாலருக்கு விற்றதைக் குறிப்பிட்டு, தவறு தங்களுடையதே என்று முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய மாதம் சுற்றுலா ஆணையம் நகரம் முழுவதற்கும் ஐந்து நாள் தள்ளுபடி விற்பனை நடத்தியது. ஆனால் தள்ளுபடியால் ஒரு வாரம் நிறையலாம். ரிசார்ட் கட்டணத்தை எடுத்துவிட்டால்தான் குடும்பங்கள் நம்பித் திரும்புவார்கள்.

உங்கள் பெற்றோருடன் வர முடிவு செய்தால் ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி மின்னணுக் கண்காட்சியும் நவம்பர் கார் பந்தயமும் நடக்கும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பழைய நகர மையத்தில் உள்ள ஃப்ரீமான்ட் தெருப் பக்கமும், உள்ளூர்வாசிகள் செல்லும் புறநகர் விடுதிகளும் ஸ்ட்ரிப்பைவிட மலிவு. புறநகர் விடுதிகள் பலவற்றில் வாகனம் நிறுத்தப் பணம் வாங்குவதில்லை. பதிவு செய்யுமுன் ரிசார்ட் கட்டணமும் வரியும் சேர்ந்த மொத்தத் தொகையை விடுதிக்கு விடுதி ஒப்பிடுங்கள். பெலாஜியோ நீரூற்றைப் பார்க்க இன்றும் கட்டணம் கிடையாது.