கில்ட் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? அளவு, துணி, பராமரிப்பு

தேம்ஸ்கரை:
வணக்கம். லண்டனில் இருக்கிறேன். அக்டோபரில் ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸில் நண்பருக்குக் கல்யாணம், மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லோரும் கில்ட் (ஸ்காட்டிஷ் ஆண்கள் உடுத்தும் மடிப்புவைத்த பாவாடை) உடுத்த வேண்டுமாம். இனியும் உடுத்த வாய்ப்பு வரும் என்பதால் சொந்தமாகவே வாங்க யோசனை. எந்தத் துணி, எத்தனை கஜம்? பேன்ட் அளவு 34 என்று சொன்னால் கடைக்காரருக்குப் போதுமா? ஸ்காட்டிஷ் குலப்பெயர் இல்லாதவன் டார்ட்டன் (குலத்துக்கொரு வடிவம் கொண்ட கட்டம்போட்ட துணி) உடுத்தினால் தப்பாக நினைப்பார்களா?

ஊசிநூல்:
34 என்று சொல்லி ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். பேன்ட் இடுப்பெலும்பில் நிற்கும். கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கும். அங்கே சுற்றளவு பெரும்பாலும் 2 முதல் 4 அங்குலம் கூடுதல். தேவையான அளவு மூன்று: தொப்புள் மட்டச் சுற்றளவு, பின்புறம் அதிகம் புடைத்த இடத்தின் சுற்றளவு, தொப்புளிலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை உயரம். முட்டி போட்டு நின்றால் கீழ்விளிம்பு தரையைத் தொடாமல் சுமார் ஒரு அங்குலம் மேலே நிற்க வேண்டும். வார் நடு ஓட்டையில் மாட்டும்படி தைக்கச் சொல்லுங்கள், உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் இடமிருக்கும்.

துணி: கம்பளிதான். எடையை ஒரு கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 10–11 அவுன்ஸ் இலேசானது, காற்றடித்தால் பறக்கும், மடிப்பும் சீக்கிரம் கலையும். 16 அவுன்ஸ் தொங்கும் அழகே தனி, ஆனால் மண்டபத்துக்குள் ஆட்டம் ஆடினால் வேர்த்துக் கொட்டும். 13 அவுன்ஸ், 8 கஜம் உங்களுக்குச் சரி. 5 கஜத்தில் விலை குறையும், மடிப்பின் ஆழமும் குறையும். சுழன்று ஆடும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஹைலேண்ட்மழை:
டார்ட்டனுக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. பிளாக் வாட்ச், ராயல் ஸ்டூவர்ட் என்ற இரண்டு டார்ட்டன்களையும் யார் வேண்டுமானாலும் உடுத்துகிறார்கள். பால்மோரல் டார்ட்டன் மட்டும் அரச குடும்பத்துக்கு உரியது, அதைத் தொட வேண்டாம். 2009 முதல் ஸ்காட்லாந்து அரசின் டார்ட்டன் பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது. பிடித்த வடிவத்தைத் தேடிப் பாருங்கள். ஆனால் முதலில் மாப்பிள்ளையைக் கேளுங்கள். தோழர்களுக்கு ஒரே டார்ட்டன் என்று முடிவாகியிருந்தால் இந்த முறை வாடகைதான் புத்திசாலித்தனம்.

பாலி-விஸ்கோஸ் (கம்பளி இல்லாத செயற்கைத் துணி) கில்ட் மலிவு என்று சிலர் சொல்வார்கள். கால்பந்து பார்க்கப் போக அது போதும். கல்யாணப் புகைப்படத்தில் கம்பளி உடுத்தியவர் பக்கத்தில் நின்றால் தெரிந்துவிடும்.

உடுத்தும்போது மடிப்பு பின்னால், மடிப்பில்லாத இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்னால். வலப்பக்கத்து உள்துண்டை இடப்பக்கம் கொண்டுபோய், அதன் வாரை இடுப்புப்பட்டியிலுள்ள துளை வழியே வெளியே எடுத்து மாட்டுங்கள். பிறகு வெளித்துண்டை இடமிருந்து வலமாகக் கொண்டுவந்து வல இடுப்பில் மாட்டுங்கள். குஞ்சம் வைத்த ஓரம் உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் சரி. வேட்டி மாதிரி தொப்புளுக்குக் கீழே இறக்கினால் பின்பக்க விளிம்பு தொங்கிவிடும், புதியவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். அலங்கார கில்ட் ஊசி வெளித்துண்டில் மட்டும். இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். முன்னால் தொங்கும் ஸ்போரன் பை இடுப்புப்பட்டியிலிருந்து நான்கு விரல் கீழே, சாக்ஸ் மடிப்பு முழங்கால் சில்லுக்கு மூன்று விரல் கீழே. மாலை விருந்தில் பிரின்ஸ் சார்லி என்ற குட்டையான விருந்துக் கோட்டும் உள்கோட்டும் போட்டால் பெல்ட் வேண்டாம். உட்காரும்முன் கையால் பின்மடிப்பை நீவிவிட்டு உட்காருங்கள். வாடகை கில்ட் என்றால் உள்ளாடை கட்டாயம், உள்ளே எதுவும் போடாத அந்த வீரமெல்லாம் சொந்தக் கில்டில் காட்டிக்கொள்ளலாம்.

ஊசிநூல்:
வாங்கினால் பராமரிப்பு: வாஷிங் மெஷினில் போட்டால் கம்பளி சுருங்கித் தடித்துவிடும், மடிப்பும் போய்விடும். சேறு பட்டால் காயவிட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். நனைந்தால் இடுப்புப்பட்டியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள், ஹீட்டர் பக்கம் வேண்டாம். இஸ்திரிக்கு முன் ஒவ்வொரு மடிப்பையும் நேராக்கி, கீழ்விளிம்புக்குச் சற்று மேலே வெளிர்நிற நூலால் நீள ஓட்டுத்தையல் போட்டு நிறுத்துங்கள். அழுத்திய தடம் விழுந்துவிடும் என்பதால் இறுக்க வேண்டாம். மேலே ஈரப் பருத்தித் துணி விரித்து, பெட்டியை வைத்து எடுங்கள். தேய்த்து இழுத்தால் மடிப்பு நகரும். ஈரத்துணி இல்லாமல் நேரடியாகச் சூடு பட்டால் பளபளப்பு ஏறும், அது போகாது. நன்றாக ஆறிய பிறகு நூலைப் பிரியுங்கள்.

அந்துப்பூச்சியின் புழு வியர்வையும் உணவுக்கறையும் படிந்த இடத்தைத்தான் முதலில் அரிக்கும், அழுக்கோடு பெட்டியில் வைக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள்.

தேம்ஸ்கரை:
நன்றி. மாப்பிள்ளையைக் கேட்டேன், ஒரே டார்ட்டனாம், அதனால் இப்போதைக்கு வாடகை. விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

ஹைலேண்ட்மழை:
மடிப்புகளை அடுக்கி நீளவாக்கில் சுருட்டி, பாதம் வெட்டிய பழைய டைட்ஸ் காலுக்குள் நுழைத்துவிடுங்கள். அப்படியே பெட்டியில் வைக்கலாம், கசங்காது. போய்ச் சேர்ந்ததும் எடுத்துத் தொங்கவிடுங்கள். சாக்ஸில் செருகும் குறுங்கத்தியும் செட்டில் வந்தால் அதைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள்.