ஃப்ளூ ஊசி: 65 தாண்டியவருக்கு மே மாதமா, செப்டம்பரா?

கார்த்திகைமழை
"ஏப்ரல், மே மாதத்திலேயே ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரை டெல்லிக்கும் புனேவுக்கும் சரி. அங்கே ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ உச்சத்தில் இருக்கும். 2009–2013 கண்காணிப்புத் தரவில் சென்னையும் வேலூரும் தனியாக நின்றன: இங்கே உச்சம் அக்டோபர், நவம்பர். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஃப்ளூ காலம். மே 15-ல் போட்டால் நவம்பர் நடுவில் ஆறு மாதம் ஓடியிருக்கும். அமெரிக்காவில் 2011-12 முதல் நான்கு பருவங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் எச்3என்2 (ஏ வகை ஃப்ளூ வைரஸ்களில் ஒன்று), பி வகை இரண்டுக்கும் எதிரான பாதுகாப்பு மாதத்துக்குச் சுமார் 7% இறங்கியது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களை வைத்துப் பின்னர் செய்த ஆய்வில் 65 தாண்டியவர்களுக்கு 10–11%. ஆகவே தமிழ்நாட்டில் முதியவருக்கு செப்டம்பர் இரண்டாம் பாதி என்பதே என் கட்சி.

எண்சுவடி
7% என்பது அவ்வளவு பயப்படும் அளவா? 50%-ல் தொடங்கினால் ஆறு மாதம் கழித்தும் 32% மிச்சம் இருக்குமே.

கார்த்திகைமழை
நீங்கள் 0.93-ஐ ஆறு முறை பெருக்கியிருக்கிறீர்கள். அந்த ஆய்வு சொல்வது சதவீதப் புள்ளிகளை. 50-லிருந்து மாதம் 7 புள்ளி கழித்தால் ஆறாம் மாதம் மிஞ்சுவது 8. செப்டம்பர் 20-ல் போட்டவருக்கு நவம்பர் 15-ல் இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, 36-க்குக் குறையாது. 50 என்பது கணக்குக்காக எடுத்த எண், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

தொற்றியல்காரி
அந்த நேர்கோட்டை ஆறு மாதத்துக்கு இழுப்பதுதான் சிக்கல். இறங்குமுகம் முழுவதும் உண்மையான தேய்வு அல்ல. ஊசி போட்டவர் 1000, போடாதவர் 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி ஆபத்தைப் பாதியாக்குகிறது, கொஞ்சமும் தேயவில்லை. போடாதவர்களில் மாதம் 10% பேருக்கும் போட்டவர்களில் 5% பேருக்கும் ஃப்ளூ வருகிறது. ஐந்து மாதம் கழித்துப் போடாதவர்களில் 590 பேரும் போட்டவர்களில் 774 பேரும் தொற்றாமல் மிஞ்சுவார்கள். ஆறாம் மாதம் போடாதவர்களில் 59 பேருக்கும் போட்டவர்களில் 39 பேருக்கும் நோய் வரும். வந்து குணமானவர்களைப் பிரித்தறியாமல் கணக்குப் போட்டால் பாதுகாப்பு 50-லிருந்து 34-க்கு "இறங்கிவிட்டது" போலத் தெரியும். ஊசி அப்படியேதான் இருக்கிறது. போடாதவர்கள் நோய் வந்து எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டார்கள்.

ஆன்டிபாடி (ஊசிக்குப் பின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதம்) அளவீட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும். முதியவர்களுக்கு ஆன்டிபாடி நான்கே மாதத்தில் கரைந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. 2008-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு அதைக் கேள்விக்கு உட்படுத்தியது: தொடக்கத்தில் நல்ல அளவை எட்டிய முதியவர்களில் பெரும்பாலோரிடம் ஆறு மாதத்துக்கு மேலும் ஏ வகைகளுக்கு எதிரான அளவு நிலைத்தது. பலருக்கு முதலிலேயே ஏறாததுதான் பிரச்சினை. அதை மாதம் மாற்றிப் போட்டுச் சரிசெய்ய முடியாது.

கார்த்திகைமழை
கணக்கு அழகு, ஆனால் மாதம் 10% என்பது யாருக்கு வருகிறது? மாதம் 2% என்று போட்டுப் பாருங்கள். ஆறாம் மாதத்தில் 50 என்பது 47 ஆகத் தெரியும், அவ்வளவுதான். அந்தச் சாய்வு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 30, 40 புள்ளி இறக்கத்தை அதன் தலையில் கட்ட முடியாது. உடலியல் காரணமும் கையில் இருக்கிறது: ஊசியால் எலும்பு மஜ்ஜையில் புதிதாகக் குடியேறும் ஆன்டிபாடி சுரக்கும் செல்களில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் குறைந்துவிடுவதை 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதுவும் முதியவர்களிடம் அல்ல, வயது குறைந்தவர்களிடம்.

தொற்றியல்காரி
எச்3என்2, எச்1என்1 (இதுவும் ஏ வகை), பி என்ற மூன்றையும் ஒன்றாகக் கட்டுவதும் தவறு. 2018 தொகுப்பாய்வில் முதல் மூன்று மாதத்தையும் அடுத்த மூன்று மாதத்தையும் ஒப்பிட்டால் எச்3-க்கு 33 புள்ளி, பி-க்கு 19 புள்ளி இறக்கம். எச்1-க்கு வெறும் 8, அதுவும் புள்ளியியல் அளவில் உறுதியில்லை. எச்1என்1 ஆதிக்கம் செலுத்தும் ஆண்டில் உங்கள் "செப்டம்பர் வரை பொறு" ஏறக்குறைய ஒன்றும் தராது. எச்3என்2 ஆண்டில்கூட, தேய்வு எவ்வளவு, வைரஸ் உருமாறி ஊசியை விட்டு விலகியது எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

இன்னொன்று. 2023 மார்ச்சில் எச்3என்2 நாடு முழுக்கப் பரவியது மறந்துவிட்டதா? நம் ஊர் ஃப்ளூ நாள்காட்டி பார்த்து வருவதில்லை. ஜூனில் சர்க்கரைப் பரிசோதனைக்கு வரும் 70 வயதுக்காரரைத் திருப்பி அனுப்பினால் செப்டம்பரில் அவர் வருவார் என்று யார் உத்தரவாதம்? பத்துப் பேரில் இரண்டு பேர் வராமல் போனாலே நீங்கள் மிச்சப்படுத்திய புள்ளிகளில் கணிசமான பங்கு போச்சு.

கார்த்திகைமழை
ஜூனில் வந்தவரைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. அமெரிக்கத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவும் இதைத்தான் சொல்கிறது: 65 தாண்டியவர்களுக்கு ஜூலை, ஆகஸ்டில் போடுவதைத் தவிர், பின்னால் வர முடியாதென்றால் அப்போதே போடு. நான் பேசுவது குடும்பமாகத் திட்டமிட்டு, தேதி குறித்து வருபவர்களுக்கு. அவர்களையும் "மே மாதம்" என்று அனுப்புவதுதான் வீண்.

பீஷான்வாசி
இரண்டு தரப்பும் ஒரே ஊசி என்று ஏன் பிடிவாதம்? சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஃப்ளூ உண்டு, ஆண்டில் இரண்டு ஏற்றம். இங்கே 65 தாண்டிய 200 பேரை வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவதைச் சோதித்தார்கள்.

தொற்றியல்காரி
சோதித்தார்கள், ஆன்டிபாடி அளவில் கிடைத்த லாபம் சுமார்தான். மருத்துவமனைச் சேர்க்கை குறையுமா என்று சொல்ல 200 பேர் போதாது. செலவு மட்டும் நிச்சயமாக இரட்டிப்பு. முதியவருக்குக் காசு செலவழிப்பதென்றால் அதிக அளவு ஊசியில் செலவழிக்கலாம்: வகைக்கு 15 மைக்ரோகிராமுக்குப் பதில் 60. 2014-ல் வெளியான, சுமார் 32,000 பேரை வைத்துச் செய்த சோதனையில் ஃப்ளூ நோய் 24% குறைந்தது. அதுவும் தேயும், ஆனால் உயரமான படியிலிருந்து இறங்கும்.

குளிர்பெட்டி
மருந்துக் கடைப் பக்கம் நின்று இரண்டு வார்த்தை. மாதத்தைப் பற்றி இவ்வளவு சண்டை போடுபவர்கள் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஊசியில் சேர்க்க வேண்டிய வைரஸ் வகைகளில் உலக சுகாதார நிறுவனம் தென் அரைக்கோளத்துக்கானதைச் செப்டம்பரிலும் வட அரைக்கோளத்துக்கானதைப் பிப்ரவரியிலும் அறிவிக்கிறது. இந்தியாவில் இரண்டுமே விற்பனைக்கு வரும். செப்டம்பரில் கடையில் கிடைப்பது மேயில் வந்த தென் அரைக்கோளச் சரக்கின் மிச்சமாக இருக்கலாம். பெட்டியில் அரைக்கோளம், ஆண்டு, காலாவதி மூன்றையும் பாருங்கள். 2025 தென் அரைக்கோளத்துக்கும் 2025-26 வட அரைக்கோளத்துக்கும் கோழி முட்டையில் வைரஸை வளர்த்துத் தயாராகும் ஊசிக்கான வகைகள் ஒன்றாகவே இருந்தன, எதைப் போட்டிருந்தாலும் வித்தியாசமில்லை. 2026 தென் அரைக்கோளத்தில் ஏ வகை இரண்டுமே மாறிவிட்டன, அங்கே பழைய சரக்கைத் தள்ளிவிடுபவரிடம் ஏமாறக்கூடாது.

வீட்டுக்கு நர்ஸ் வந்து போடுவதென்றால்: மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்த ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு சிரிஞ்சுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே நீர் சலசலக்கும் வரை விட்டு, நடுவில் அட்டை வைத்து அடுக்குங்கள். ஒருமுறை உறைந்த ஊசி உருகிய பிறகு பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும், ஆனால் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜின் கதவு அடுக்கும் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடேறும். போடும் முன் குலுக்க வேண்டும். தோள் தசையில், 25 மி.மீ. நீள ஊசி முனையால். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் 23 கேஜ் (ஊசி முனையின் பருமன் எண்) அல்லது அதைவிட மெல்லிய முனை. போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

எண்சுவடி
மேயில் ஏற்கெனவே போட்டுவிட்ட 78 வயதுக்காரர், நாள்பட்ட நுரையீரல் நோய் உண்டு. அக்டோபரில் இன்னொன்று?

கார்த்திகைமழை
நான் போடச் சொல்வேன், புதிய வட அரைக்கோளப் பெட்டி கிடைத்தால். நான்கு வார இடைவெளி போதும், இங்கே ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

தொற்றியல்காரி
வகை மாறியிருந்தால் நானும் போடச் சொல்வேன். அதே வகை என்றால் அந்தப் பணத்துக்கு நியூமோகாக்கல் ஊசி (நிமோனியா உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது) போட்டாயிற்றா என்று முதலில் கேட்பேன். நுரையீரல் நோயாளிகளில் பலருக்கு அதைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவே மாட்டார்கள்.