மகனுக்கு எந்தக் கம்பஸ்? நான் ரொறன்ரோ நகர நடுவைச் சொல்வதற்கான காரணங்கள்

ஆரையம்பதித் தங்கச்சிக்கு,

நீங்கள் கேட்டது இரண்டே வரிதான். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபறோப் பகுதியில் அண்ணன் வீட்டில் இருக்கிறீர்கள், மகனுக்கு மூன்று கம்பஸில் இடம் வந்திருக்கிறது, எதை எடுப்பது? நான் இப்ப லீவில் மட்டக்களப்புக் கல்லடியில் நிற்கிறேன். இங்கேயும் இதே கேள்வியோடு தாய்மார் வந்து போகிறார்கள். பிள்ளை அங்கே, யோசனை முழுக்க இங்கே. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

ஊரில் நாங்கள் கம்பஸைத் தெரிவு செய்து பழகியவர்கள் இல்லை. ஏஎல் என்கிற உயர்தரப் பரீட்சை எழுதி, இசட் ஸ்கோர் என்கிற தரப்படுத்திய புள்ளி வந்து, மாவட்டத்துக்குரிய வெட்டுப்புள்ளியும் வந்தால் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமா, பேராதனையா, யாழ்ப்பாணமா என்பது முடிவாகிவிடும். விருப்ப வரிசையை நிரப்புகிறோம், ஆனால் கடைசிச் சொல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குத்தான். படிப்புக்குக் காசும் கட்டுவதில்லை. அப்படிப் பழகியவர்கள் கைக்கு மூன்று கடிதம் ஒன்றாக வரும்போது, இசட் ஸ்கோர் மாதிரி ஒரு எண் இருந்தால் நல்லது என்று மனம் தேடும். உடனே உலகத் தரவரிசையைப் பிடித்துக்கொள்கிறோம். அந்தப் பட்டியல்களில் ஆராய்ச்சிக்குத்தான் பெரிய பங்கு. முதலாம் வருடப் பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும், மூன்றாம் வருடம் எங்கே வேலை பழகும் என்பதெல்லாம் அதில் இல்லை.

நான் சொல்வது ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம். அண்ணனிடம் கேட்டால் ‘ரயர்சன்’ என்பார். இரண்டும் ஒன்றுதான். பழங்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிகளோடு, அந்தப் பழைய பெயருக்குரிய 19ஆம் நூற்றாண்டுக் கல்வி அதிகாரி எகர்ட்டன் ரயர்சனின் பெயர் பிணைந்திருந்ததால் 2022இல் பெயரை மாற்றினார்கள். 1948இல் தொழில்நுட்ப நிறுவனமாகத் தொடங்கியது, 1993இல்தான் முழுப் பல்கலைக்கழகம் ஆனது. எங்கட மூத்த ஆட்கள் சிலர் ‘அது ரெக்னிக்கல் கொலிஜ்தானே’ என்று முகம் சுளிப்பது இதனால்தான். அம்பாறை ஹார்டித் தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த பிள்ளையை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிற அதே பழக்கம். அந்தப் பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. கைவேலையோடு சேர்ந்த படிப்பு வேலைக்குப் போகும் நாளில் பிள்ளைக்கு எவ்வளவு துணை என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

முதல் காரணம் அது இருக்கிற இடம். யங் வீதியும் டன்டாஸ் வீதியும் சந்திக்கிற பக்கம், நகரத்தின் நட்டநடு. பே வீதி வங்கிகள் நடக்கிற தூரம், நகர மண்டபமும் அப்படியே. தாதியியல் படிக்கிற பிள்ளைக்குச் சென் மைக்கல்ஸ் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே (எங்கட மிக்கேல் கல்லூரியின் பெயர்தான், பார்த்ததும் மனம் நிறைந்தது). கோ-ஒப் உள்ள பாடநெறி எடுத்தால் படிக்கிற காலத்திலேயே சம்பளத்தோடு வேலை பழகலாம். 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்கக்கூடாது என்று ஒன்ராறியோவில் 2026 ஜனவரியிலிருந்து சட்டம் இருக்கிறது. இருந்தாலும் நேர்முகத்தில் முன்னால் இருப்பவர் அதைத்தான் மனதில் தேடுவார். உள்ளூரில் வேலை பழகிய பிள்ளைக்கு அந்த இடத்தில் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

இரண்டாவது, போக்குவரத்து. ஸ்காபறோவின் கென்னடி நிலையத்தில் சப்வே ஏறி, புளோர்-யங்கில் மாறினால் முக்கால் மணித்தியாலத்துக்குள் டன்டாஸ் வீதியில் இறங்கலாம். யோர்க் பல்கலைக்கழகக் கம்பஸுக்கும் 2017இலிருந்து சப்வே போகிறது, ஆனால் ஸ்காபறோவிலிருந்து நகரத்தைச் சுற்றிக்கொண்டு போகிற தூரம். ஸ்காபறோவுக்குள் ஓடிய மூன்றாம் இலக்க ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்ட பிறகு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே தனி வீடு தேடும்போது கென்னடிக்கோ, வார்டனுக்கோ, விக்டோரியா பார்க்குக்கோ நேர் பஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கில்ட்வூட், எக்லின்ரன் பக்கம் இருந்தால் ‘கோ’ என்கிற புறநகர் ரயிலில் யூனியன் நிலையம் போய் அங்கே சப்வே மாறலாம். 2024 பெப்ரவரியிலிருந்து அப்படி மாறும்போது ரொறன்ரோப் போக்குவரத்துக்குத் தனிக் காசு இல்லை, பிரெஸ்ரோ பயண அட்டையைத் தட்டினால் போதும். கம்பஸ் விடுதியில் அறை குறைவு, பக்கத்து வாடகை நெருப்பு விலை. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டே போய்வர முடிவது எவ்வளவு பெரிய சேமிப்பு என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெண்பிள்ளைகளின் தாய்மார் இரவு வகுப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன்: டன்டாஸ் சுற்றாடலில் வீடில்லாதவர்களையும் போதையில் தள்ளாடுபவர்களையும் பார்க்க வேண்டி வரும். சனம் எப்போதும் இருக்கிற இடம் என்பது ஒரு பாதுகாப்பு. ஸ்காபறோவில் இறங்கிய பிறகு வருகிற இருட்டு றோட்டுத்தான் எனக்குக் கூடுதல் யோசனை. இரவு 9 மணிக்குப் பிறகு பஸ் சாரதியிடம் கேட்டால் இரண்டு தரிப்பிடத்துக்கு நடுவிலும் இறக்கிவிடுவார். இதைப் புதிதாக வந்த பலர் அறிவதில்லை. மகளிடம் சொல்லி வையுங்கள்.

காசு விசயம். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்களும் உள்நாட்டுக் கட்டணம்தான் கட்டுவார்கள், ஒசாப் என்கிற ஒன்ராறியோ அரசின் மாணவர் நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம். அகதிக் கேஸ் இன்னும் முடியாதவர்களுக்கு ஒசாப் இல்லை. ஒசாப்பில் ஒரு பங்கு திருப்பிக் கட்டத் தேவையில்லாதது, மற்றது கடன். கடிதத்தில் இரண்டையும் பிரித்துப் போட்டிருப்பார்கள், பிரித்தே வாசியுங்கள்.

இனி உங்களைப் பற்றி, தங்கச்சி. மகனுக்குக் கேட்டீர்கள், உங்களுடைய வந்தாறுமூலைப் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டீர்கள். இதுதான் எனக்கு வலிக்கிறது. நானும் அங்கே வர்த்தகம் படித்துவிட்டுப் போனவள். இந்தக் கம்பஸை நான் எடுத்த முழுக் காரணமும் அதன் சாங் தொடர்கல்விப் பிரிவு. பகல் வேலை, பின்னேர வகுப்பு. பெரும்பாலான பாடங்களுக்கு அனுமதி விண்ணப்பம் வேண்டாம், பதிந்து காசு கட்டிப் படிக்கலாம். ஒரு பாடம் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுகா யோசிக்கலாம். நான் கணக்கியல் பாடங்களை அப்படித்தான் ஒன்றொன்றாக முடித்தேன். பட்டப்படிப்புக்குக் கணக்கெடுக்கப்படும் பாடங்களும் அதில் நிறைய உண்டு. வெளிநாட்டில் படித்த வைத்தியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் தனி இணைப்புப் பாடநெறி வைத்திருந்த பிரிவு இது. எங்கட ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியாது.

அதற்கு முன் பட்டத்தை, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடுகிற வெஸ் நிறுவனம் மூலம் மதிப்பீடு செய்யுங்கள். பாடம் பாடமாகப் பார்க்கும் மதிப்பீட்டைக் கேளுங்கள், மேலோட்டமானது கம்பஸுக்கு உதவாது. பெறுபேற்றுப் பத்திரத்தைப் பல்கலைக்கழகமே மூடி முத்திரையிட்டு அனுப்ப வேண்டும், நீங்கள் கையில் கொண்டுபோனால் எடுக்க மாட்டார்கள். ஊரில் உள்ள தம்பிக்கு ஒரு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்து வந்தாறுமூலைப் பரீட்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். பிறப்புப் பத்திரம், பட்டம், பாஸ்போட் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்பதையும் இப்பவே பாருங்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆய்வுகூடம், உயிரியல் ஆராய்ச்சி என்று ஆசைப்படுகிற பிள்ளை ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபறோ வளாகத்துக்குப் போகட்டும். தமிழ் ஆய்வில் விருப்பமென்றாலும் அங்கேதான், எங்கட சனம் காசு சேர்த்து உருவாக்கிய தமிழ் இருக்கை அந்த வளாகத்தில் இருக்கிறது. மரமும் பள்ளத்தாக்குமாக அமைதியான இடம். கூட்டமும் சத்தமும் தாங்காத பிள்ளையை நகர நடுவுக்குத் தள்ள வேண்டாம்.

பிற்சேர்க்கை: காரைதீவிலிருந்து ஒரு அண்ணன், மகளை மாணவர் விசாவில் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். அண்ணா, அது வேறு கணக்கு. கட்டணம் பல மடங்கு. அதற்கு மேல் முதல் வருடச் சீவியச் செலவுக்கு ஒரு ஆளுக்கு 22,895 டொலர் காட்ட வேண்டும், இது 2025 செப்டெம்பரில் உயர்த்திய தொகை. படிப்பு நடக்கும் காலத்தில் கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வெளியில் வேலை செய்யலாம், அந்தச் சம்பளத்தில் கட்டணம் கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் பிறகு வேலை அனுமதி கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் அரச கல்லூரியின் பாடத்தைத் தனியார் கல்லூரி நடத்துகிற இடங்களில் 2024 மே 15க்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு அந்த அனுமதி கிடையாது. முகவர்கள் காட்டுகிற மலிவான இடங்களில் இப்படியானவையும் வரலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் கல்லூரியின் பெயர் மட்டும்தான் தெரிகிறது. அங்கீகார எண்ணும் வகுப்பு நடக்கிற விலாசமும் உள்ள பக்கத்தை எடுத்து அனுப்புங்கள், அது வரும்வரை முற்பணம் கட்ட வேண்டாம்.