டிவியில மட்டும் சப்டைட்டில் பிந்துது, ஆருக்கும் தெரியுமோ?

கொக்குவில்ல இருக்கிறன். 43 இஞ்சி டிவி, ஆண்ட்ராய்ட் 9, வீட்டில ஃபைபர் லைன். ஃப்ரீரன் எண்ட ஜப்பான் அனிமேயின்ர முதல் பருவம் 28 எபிசோடும் இதிலதான் ஒரு சோலியும் இல்லாமல் பாத்தனான். 2026 ஜனவரியில ரெண்டாம் பருவம் தொடங்கினாப்பிறகுதான் இந்தக் கரைச்சல். தொடக்கம் சரி, போகப்போக சப்டைட்டில் பிந்துது. கதையில வாற ஹிம்மெல் கதைச்சு முடிஞ்சு, நாயகி ஃப்ரீரன் பேசாமல் நிக்கேக்கதான் அவன் சொன்னது எழுத்தில வருது. அடிபிடி அனிமே எண்டால் சமாளிக்கலாம், இது மௌனத்திலயே ஓடுற கதை!

கேச் அழிச்சன், ஆப்பைத் திரும்பப் போட்டன், வைஃபையை விட்டிட்டு கேபிள் குடுத்தன். ஒண்டும் சரிவரேல்ல. போனில அதே எபிசோட் சுத்தமா ஓடுது. டிவியில நிப்பாட்டித் திரும்பப் போட்டால் கொஞ்ச நேரம் சரி, பிறகு பழையபடி.

தனியா ஒரு ஆண்ட்ராய்ட் பெட்டி வாங்கிப் பூட்டினால் இது தீருமோ?