இரண்டரை மாதக் குதிரைக்குட்டிக்கு விடாத காய்ச்சல், மூச்சிரைப்பு: குளிர்தான் காரணமா?

கேள்வி – பூம்பாறையிலிருந்து, பொதிக்குதிரை வளர்ப்பவர்

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைக்கு அருகே எங்களுக்குப் பூண்டுத் தோட்டம் இருக்கிறது. சாலை எட்டாத சரிவிலிருந்து மூட்டைகளை மேலே ஏற்றுவதற்காகக் குதிரைகள் வைத்திருக்கிறோம். இந்த ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் நிறைசினையாக வாங்கிய பெட்டை ஒன்று புரட்டாசியில் ஆண் குட்டி ஈன்றது. அந்தக் குட்டிக்குத்தான் இப்போது உடல்நலம் சரியில்லை.

சென்ற வாரம் மழையில் நனைந்தது. அதற்கு மறுநாள் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சுட்டது, வெப்பமானி 103.5 பாரன்ஹீட் காட்டியது. உள்ளூரில் பார்த்த மருத்துவர் பென்சிலினும் ஜென்டாமைசினும் ஊசியாகப் போட்டார். காய்ச்சல் தணிந்து, ஊசி நின்றதும் திரும்பிவிட்டது. இருமல் அவ்வளவாக இல்லை. பால் குடிக்கிறது, தாயைச் சுற்றித் துள்ளவும் செய்கிறது. ஆனால் படுத்திருக்கும்போது விலாவுக்குப் பின்னால் வயிறு எக்கி எக்கி வாங்குகிறது.

பனிக்காலம் என்பதால் கொட்டகையைத் தார்ப்பாயால் நாலாபக்கமும் மூடி, இரவில் கணப்பு மூட்டி வைக்கிறோம். எனக்குத் தெரிய வேண்டியவை: இது குளிரால் வந்த சளிதானா? குட்டியைத் தேனிக்கு இறக்கினால் வெதுவெதுப்பில் தேறுமா? இதே கொட்டகையில் ஐந்து வாரப் பெட்டைக் குட்டி ஒன்றும் இருக்கிறது, அதற்குத் தொற்றுமா? என் தந்தையார் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு மருந்தில் இருப்பவர். கொட்டகையைக் கூட்டுவது அவர்தான். அவருக்கு ஏதும் ஆகுமா?

மறுமொழி – கொடைக்கானல் ஏரிச்சாலையில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்

தம்பி, மார்கழிப் பனியில் குட்டிகளுக்குச் சளி பிடிப்பது இங்கே வழக்கம்தான். தூதுவளை, மிளகு, சுக்கு மூன்றையும் கொதிக்க வைத்து, வெல்லம் சேர்த்து, தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் இரண்டு வேளை ஊற்றுங்கள். என் தகப்பனார் காலத்திலிருந்து நாங்கள் பெரிய குதிரைகளுக்கு இப்படித்தான் கொடுத்து வருகிறோம். காய்ச்சல் திரும்பி வந்திருக்கிறது என்கிறீர்கள். அதற்கு மருத்துவரைப் பார்ப்பதும் நல்லது.

மறுமொழி – ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், உதகமண்டலம்

முதலில் ஒரு வேண்டுகோள்: தலையைத் தூக்கிப் பிடித்து எதையும் ஊற்றாதீர்கள். மேலே எழுதியவரின் அக்கறையைக் குறை சொல்லவில்லை. பெரிய குதிரை தாங்கிக்கொண்டிருக்கலாம். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடக்கூடிய பிராணி. வாயால் மூச்சு வாங்க அதற்கு இயலாது. ஏற்கெனவே மூச்சிரைக்கும் குட்டியின் தலையை உயர்த்திக் கஷாயம் ஊற்றினால், விழுங்குவதற்கும் மூச்சு இழுப்பதற்கும் இடையே தடுமாறி, அதில் ஒரு பங்கு மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கியதால் வரும் நிமோனியா, இப்போது இருப்பதைவிட மோசமானது.

இனி உங்கள் குட்டிக்கு வருகிறேன். ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டி, இருமல் அதிகமில்லாமல் காய்ச்சலும் விரைந்த மூச்சுமாக இருந்து, பென்சிலின், ஜென்டாமைசின் ஊசிக்குத் தணிந்து திரும்பவும் காய்ந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரோடோகாக்கஸ் ஈக்வை என்னும் பாக்டீரியாவை. 1923-இல் சுவீடனில் மாக்னுசன் என்பவர் குட்டிகளின் நுரையீரலிலிருந்து இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். இது மண்ணிலும் குதிரை இலத்தியிலும் வாழ்வது. தூசியோடு மூச்சில் போய் நுரையீரலில் இறங்கி, கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய பாதுகாப்புச் செல்லுக்குள்ளேயே குடியேறிப் பெருகும். ஜென்டாமைசின் அந்தச் செல்லுக்குள் போதிய அளவில் நுழைவதில்லை. ஆகவேதான் ஆய்வகத் தட்டில் இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து, குட்டியின் உடலில் பயன்படாமல் போகிறது.

குட்டிகளுக்கு இந்தத் தொற்று பெரும்பாலும் பிறந்த முதல் சில நாள்களிலோ வாரங்களிலோ ஏற்படுகிறது. அதன்பின் நுரையீரலில் சீழ்க்கட்டிகள் மெல்ல மெல்ல உருவாகின்றன. குட்டி பால் குடித்துக்கொண்டும் துள்ளிக்கொண்டும் இருப்பதால் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. வெளியே தெரியும்போது நோய் பல வாரம் பழையதாகியிருக்கும். ஆகவே சென்ற வார மழையின் மீது பழி போடுவதில் பயனில்லை. அது மூச்சுக்குக் கூடுதல் சுமையாக இருந்திருக்கலாம். நோயைக் கொண்டுவந்தது அது அன்று. நான் அதிகம் கவலைப்படுவது தார்ப்பாயைப் பற்றித்தான். நாலாபக்கமும் மூடிய கொட்டகையில் மூத்திரத்தின் அமோனியா, கணப்புப் புகை, வைக்கோல் தூசி மூன்றும் தங்கி நுரையீரலின் உட்சுவரை அரிக்கின்றன. இந்தக் கிருமி குளிர்ந்த மண்ணில் மந்தமாகவே பெருகும். வெதுவெதுப்பும் இலத்தியும் சேர்ந்த கொட்டகைத் தரை அதற்கு வாகான இடம். காற்று வரும் திசையில் குட்டியின் முதுகு உயரம் வரை மட்டும் அடைப்பு வையுங்கள். அதற்கு மேல் திறந்திருக்கட்டும். உலர்ந்த படுக்கையும் வயிறு நிறையத் தாய்ப்பாலும் இருந்தால் குட்டி உறைபனி இரவையும் தாங்கும். கணப்பு வேண்டாம்.

நோயை உறுதி செய்வதற்கு மூன்று வழிகளைச் சொல்கிறேன். குட்டி படுத்து உறங்கும்போது, எழுப்பாமல், விலா ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இந்த வயதில் ஓய்வாக இருக்கும்போது 40-க்குள் இருக்க வேண்டும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பம் 102 பாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. காலை, மாலை எழுதி வையுங்கள். அடுத்தது இரத்தப் பரிசோதனை. வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 13,000-க்கு மேல் போயிருந்து, அழற்சியின்போது கூடும் இரத்தப் புரதமான பைப்ரினோஜனும் உயர்ந்திருந்தால் உள்ளே சீழ் இருப்பதற்கான சாத்தியம் கூடுகிறது. மூன்றாவது ஸ்கேன். மாடுகளுக்குச் சினை பார்க்கும் அதே கருவியின் நீளத் துழாவியைக் கொண்டே குட்டியின் நெஞ்சைப் பார்க்கலாம். ரோமத்தைச் ஸ்பிரிட்டால் நனைத்தால் போதும், மழிக்க வேண்டிய தேவைகூட பெரும்பாலும் இல்லை. நுரையீரலின் மேற்பரப்பைத் தொடும் கட்டிகளை மட்டுமே அது காட்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கிருமியைப் பெயர் சொல்லி அடையாளம் காண மூச்சுக்குழலைக் கழுவி எடுத்த நீர்தான் வேண்டும். நன்றாக மூச்சிரைக்கும் குட்டிக்கு அதைச் செய்யலாமா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

வேறு காரணங்களும் உண்டு. தாடைக்கடியில் நெறி கட்டிச் சீழ் வடிந்தால் ஸ்ட்ராங்கிள்ஸ் என்னும் குதிரைத் தொற்றுநோய். நாக்குப்பூச்சி வகைக் குடற்புழுவின் இளம்புழுக்கள் நுரையீரல் வழியாகப் பயணம் செய்யும்போதும் இருமல் வரும்; ஆனால் முட்டைகள் இலத்தியில் தென்பட 10 வாரத்துக்கு மேலாகும் என்பதால், இலத்திப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் புழு இல்லை என்று பொருளாகாது. சந்தையில் வாங்கிய குதிரை என்பதால் இன்னொன்று: தாய்க்கோ மற்ற குதிரைகளுக்கோ மூக்கில் புண், ஒட்டும் சளி, கால்களில் கொடிபோல் ஓடும் முடிச்சுகள் இருந்தால் அது கிளாண்டர்ஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கக்கூடும். அது மனிதருக்கும் பரவும். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய். உங்கள் விவரிப்பில் அதற்கான அடையாளம் இல்லை. இருந்தாலும் தாயின் இரத்தத்தைச் சோதித்துவிடுவது நல்லது.

மருந்தைப் பொறுத்தவரை, அசித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின் இரண்டில் ஒன்றை ரிபாம்பிசினோடு சேர்த்துக் கொடுப்பது நிலைபெற்ற முறை. அசித்ரோமைசின் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், முதல் ஐந்து நாள் தினமும், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் நிறுத்துப் பாருங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிறுத்தினால் திரும்பிவிடும். கட்டிகள் கரைந்ததை ஸ்கேனில் பார்த்த பிறகே நிறுத்த வேண்டும், அதற்கு நான்கு முதல் பன்னிரண்டு வாரம் வரைகூட ஆகலாம். அதே சமயம், எந்த அறிகுறியும் இல்லாமல் ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு கட்டிகள் பல தாமாகவே ஆறிவிடுகின்றன. அவற்றுக்கெல்லாம் மருந்து கொடுத்த பண்ணைகளில்தான் மருந்துக்கு அடங்காத கிருமி தலையெடுத்தது. உங்கள் குட்டி அந்த வகையன்று; அதற்கு மருந்து தேவை.

தேனிக்கு இறக்க வேண்டாம். இந்த மருந்துக் குடும்பம் குட்டிகளின் வியர்க்கும் திறனைக் குறைத்துவிடும். அதோடு மலைப்பாதைப் பயணமும் அடிவாரத்து வெயிலும் சேர்ந்தால் உடல் வெப்பம் 105, 106 என்று ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த நோய்க்கு மலைக்குளிர் உங்களுக்குச் சாதகமே. ஸ்கேன் கருவியும் மருத்துவரும் மேலே வர வழி இருக்கிறதா என்று 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணில் கேட்டுப் பாருங்கள்.

மற்றக் குட்டிக்கு இது நேரடியாக ஒட்டிக்கொள்வது அரிது. ஆனால் அதே தரை, அதே தூசி. நோயுற்ற குட்டி தன் சளியை விழுங்கும், கிருமி அதன் குடலில் பெருகி இலத்தியில் ஏராளமாக வெளியேறும். எனவே அந்தப் பெட்டைக் குட்டியை அதன் தாயோடு வேறிடத்தில் கட்டி, வாரத்துக்கு இரண்டு முறை வெப்பம் பாருங்கள். வளர்ந்த குதிரைகளுக்கு இது வருவது மிக அரிது. உங்கள் தந்தையார் கொட்டகையைக் கூட்டுவதை இன்றோடு நிறுத்திவிட வேண்டும். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் நுரையீரலை இந்தக் கிருமி தாக்கியதுண்டு; உறுப்பு மாற்று மருந்தில் இருப்பவர் அந்த வகையினர். அவருடைய மருத்துவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

மறுமொழி – உதகையில் பந்தயக் குதிரை லாயத்தில் பணிபுரிந்தவர்

டாக்டர் ஐயா சொன்னதோடு, மருந்து கொடுக்கும் கைக்குத் தெரிய வேண்டிய சிலவற்றைச் சேர்க்கிறேன். மாத்திரையைப் பொடித்துச் சிறிது நீரில் குழைத்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். தலையை உயர்த்தாமல், கடைவாய் ஓரத்தில் பல் இல்லாத இடைவெளியில் சிரிஞ்சை நுழைத்து, நாக்கின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஒவ்வொரு முறையும் விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். ரிபாம்பிசின் துணியிலும் கையிலும் செங்கறை போடும். குட்டியின் மூத்திரமும் செம்மஞ்சளாகும். இரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து கொடுத்த கையோடு குட்டியின் வாயையும் மூஞ்சியையும் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தாயிடம் விட வேண்டும். இந்த வகை மருந்து சிறிதளவு தாயின் வயிற்றுக்குள் போனால்கூடக் கடும் கழிச்சல் வந்து தாய் இறந்துபோகும் அபாயம் உண்டு. குட்டியின் இலத்தியைத் தாய் முகரவோ தின்னவோ வாய்ப்பில்லாமல் உடனுக்குடன் அள்ளிவிடுங்கள். குட்டிக்கும் கழிச்சல் வரலாம். இளகலாகப் போனால் பொறுத்துப் பார்க்கலாம், தண்ணீராகப் போனால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை நிழலில் கட்டுங்கள். மலையில் காற்று குளிர்ந்தாலும் மேட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும்.

வைக்கோலை உதறிப் போடாமல் நனைத்துத் தரை மட்டத்தில் வையுங்கள். கூட்டுவதற்கு முன்பும் தரையில் நீர் தெளியுங்கள். காய்ந்த தரையைப் பெருக்கும்போது எழும் தூசிதான் குட்டியின் மூக்குக்குப் போகிறது.

கேட்டவர்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தார்ப்பாயை மேல்பாதி அகற்றிவிட்டோம். உறக்கத்தில் எண்ணியபோது மூச்சு நிமிடத்துக்கு 64 இருந்தது. மருத்துவர் ஸ்கேன் கருவியோடு மேலே வந்து பார்த்ததில், வலப்பக்க நுரையீரலில் மூன்றும் இடப்பக்கத்தில் ஒன்றுமாகக் கட்டிகள் தென்பட்டன. பெரியது 4 சென்டிமீட்டர் அகலம். இரத்தத்தில் வெள்ளணு 19,000. அசித்ரோமைசினும் ரிபாம்பிசினும் தொடங்கியிருக்கிறார். தாயின் இரத்தமும் சோதனைக்குப் போயிருக்கிறது. தந்தையார் இப்போது கொட்டகைப் பக்கம் வருவதில்லை. அதில் அவருக்குக் கோபம்தான்.

இரண்டு ஐயங்கள் மீதம் இருக்கின்றன. இன்று பின்னங்கால் முழங்கால் இரண்டும் சற்றே வீங்கியிருக்கின்றன, ஆனால் நொண்டவில்லை. இதற்கு வேறு மருந்து வேண்டுமா? அடுத்த ஈற்றுக்கு இது வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டா?

மறுமொழி – ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், உதகமண்டலம்

நொண்டாமல் மூட்டில் நீர் கோத்து நிற்பது இந்த நோயில் காணும் ஒன்று. கிருமி மூட்டுக்குள் போகாமலேயே, உடலின் எதிர்வினையால் மூட்டு வீங்குகிறது. நுரையீரல் தேறும்போது அதுவும் வடிந்துவிடும். தனி மருந்து வேண்டாம். ஆனால் ஒரு காலை மட்டும் ஊன்ற மறுத்தாலோ, ஒரு மூட்டு மட்டும் சூடாகித் தொடவிடாமல் உதைத்தாலோ அது வேறு. மூட்டுக்கோ எலும்புக்கோ கிருமி போயிருக்கும், அன்றே பார்க்க வேண்டும். கண் கலங்கி நீலம் பூத்தாலும், வயிறு உப்பி எடை குறைந்தாலும் அப்படியே. இரண்டு வாரம் கழித்து ஸ்கேனைத் திரும்ப எடுத்துப் பெரிய கட்டி சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சுருங்காவிட்டால் மூச்சுக்குழலைக் கழுவி எடுத்த நீரிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, மருந்து வேலை செய்கிறதா என்று அறிந்த பிறகே மாற்ற வேண்டும்.

பயன்படக்கூடிய தடுப்பூசி இதுவரை இல்லை. பெரிய பண்ணைகளில், இந்தக் கிருமிக்கு எதிராக எதிர்ப்பொருள் ஏற்றிய குதிரைகளின் பிளாஸ்மாவைப் பிறந்த ஓரிரு நாளுக்குள் குட்டியின் இரத்தத்தில் ஏற்றுவார்கள்; முழுக் காப்பு அதிலும் இல்லை, நம் பக்கத்துப் பொதிக்குதிரைகளுக்கு அது கைக்கெட்டுவதும் கடினம். உங்களால் ஆகக்கூடியது, அடுத்த ஈற்றைப் பழைய கொட்டகைத் தரையில் வைக்காமல் புல் மூடிய, தூசி எழாத இடத்தில் வைத்துக்கொள்வது. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிறு நிறையப் போக வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு குடித்தால் அதிலுள்ள எதிர்ப்பொருள் குடலைக் கடந்து இரத்தத்தில் சேராது. சீம்பால் ரோடோகாக்கஸை முழுதாகத் தடுக்காது. ஆனால் பிறந்த சில நாள்களில் குட்டிகளைக் கொல்லும் மற்ற நிமோனியாக்களும் இரத்தத் தொற்றும் பெரும்பாலும் சீம்பால் போதாத குட்டிகளைத்தான் பிடிக்கின்றன. மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது மாதம் வரை, ஒவ்வொரு குட்டிக்கும் வாரம் இரு முறை வெப்பம் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இப்போது கொட்டகையிலிருந்து அள்ளும் இலத்தியைப் பச்சையாகப் பூண்டுப் பாத்திக்குப் போடாமல், தொலைவில் குவித்து மூடி, உள்ளே சூடேறி மக்கும்படி விட்டு, இடையிடையே புரட்டிய பிறகு பயன்படுத்துங்கள்.