12 சுரங்களைத் தாண்டியவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்

மெட்டுக்காரன்:
பழைய கிட்டார் ஒன்றின் மெட்டுகளை (தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பிகளை) எல்லாம் பிடுங்கிவிட்டு, ஸ்தாயிக்கு, அதாவது சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரைக்கும், 19 சமப் பங்கு வைத்து நானே புதிதாக அடித்தேன். வழக்கமான 12 சமப் பங்கை விட்டு ஏன் 19 என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த இரண்டு தந்திகளை ஒரே டி-க்குச் (146.8 ஹெர்ட்ஸ்) சேர்த்து, ஒன்றைச் சும்மா ஒலிக்கவிட்டு, மற்றதில் 5ஆவது மெட்டை அழுத்தினேன். சாதாரண காந்தாரம். கணக்குப்படி 315.8 சென்ட் (ஒரு ஸ்தாயி 1200 சென்ட்), சுத்தமான 6:5 விகிதத்துக்கும் அதற்கும் ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம்கூட இல்லை. இரண்டு தந்தியும் ஒட்டிக்கொண்டன. அசைவே இல்லை. பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக் கேட்டேன்.

பிறகு 11ஆவது மெட்டு, பஞ்சமம். அழுதது. வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் விம்மியது, சுருதி சரியாகச் சேராமல் ஒலி ஏறி ஏறி இறங்கியது. இத்தனை நல்ல காந்தாரத்தைக் கொடுத்துவிட்டு ஏன் இப்படி ஒரு பஞ்சமத்தைக் கொடுக்க வேண்டும்? ஆறு மாதம் ஆகிறது, அந்தக் கிட்டார் சுவரில் தொங்குகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்ததா?

ஒற்றைத்தந்தி:
நான் எடுத்தது ஸ்தாயிக்கு 31 சமப் பங்கு. மரவேலை தெரியாது, கணினியில்தான். 440 ஹெர்ட்ஸில் ஆதார சுரம், அதன்மேல் வழக்கமான 12இன் அந்தர காந்தாரம். இரண்டின் மேற்சுரங்களும் (ஒரு சுரத்துக்குள்ளேயே சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) 2200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மோதி வினாடிக்குப் பதினேழு விம்மல் வருகிறது. சிறு வயதிலிருந்து அந்தக் கரகரப்பைத்தான் இனிமை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அட்டவணையை 31க்கு மாற்றி 10ஆவது படியை அழுத்தினேன். ஒலி போய்விட்டது என்று ஹெட்ஃபோன் கம்பியை அசைத்துப் பார்த்தேன்! போகவில்லை. பதினேழு, ஒன்றாகக் குறைந்திருந்தது, அவ்வளவுதான். 25ஆவது படியையும் சேர்த்தால் ஏறத்தாழ 7:4 விகிதம் கிடைக்கும். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன்.

டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 17ஆம் நூற்றாண்டிலேயே இதற்குக் கணக்குப் போட்டு வைத்துவிட்டார். டச்சு இயற்பியலாளர் ஃபோக்கர் அதை ஓர் ஆர்கனாகக் கட்டவைத்தது 1950இல். நடுவில் எல்லோரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

சுருதிப்பித்தன்:
22 சமப் பங்கை வைத்துப் பார்த்தேன். நம் பழைய இசை நூல்களின்படி ஸ்தாயிக்கு 22 சுருதி என்று படித்து வளர்ந்தவன், வேறு எண்ணை எடுக்க மனம் வரவில்லை. தம்பூராவை ஓடவிட்டு 13ஆவது படியில் பஞ்சமம் பிடித்தேன். 709 சென்ட், சுத்த பஞ்சமம் 702. தம்பூராவின் பஞ்சமம் ஒரு பக்கம், என்னுடையது ஒரு பக்கம். நடுவில் என் தொண்டை. நான் பாடவில்லை, வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் தொண்டை தானாகவே கீழே இறங்கிச் சரிசெய்யப் பார்த்தது. நம் முன்னோர் இதையா சொன்னார்கள் என்று அன்று முழுவதும் ஒரு மாதிரி இருந்தது.

கணக்குப்பிள்ளை:
@சுருதிப்பித்தன், அவர்கள் இதைச் சொல்லவே இல்லை. 22 சுருதி என்றால் 22 சமப் பங்கு என்று யார் சொன்னது? சட்ஜக் கிராமம் என்ற பழைய சுர அமைப்பில் ஒவ்வொரு சுரத்துக்கும் 4, 3, 2, 4, 4, 3, 2 என்று சுருதி எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுருதியும் ஒரே அளவு என்று நீங்களாக எடுத்துக்கொண்டீர்கள். இன்று அந்த 22க்கு விகிதம் சொல்பவர்களும் 22, 70, 90 சென்ட் என்று மூன்று வெவ்வேறு அளவைத்தான் சொல்கிறார்கள். சமப் பங்குதான் வேண்டும் என்றால் அதற்காகவே மல்லுக்கட்டியவர் தமிழிசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர். 1917இல் வந்த கருணாமிர்த சாகரத்தில் 22ஐயே மறுத்து, 24 சம சுருதி என்று பக்கம் பக்கமாக வாதாடினார். ஒப்புக்கொள்கிறீர்களோ இல்லையோ, அதில் பஞ்சமம் 700இல் நிற்கும், உங்கள் தொண்டை பிழைத்திருக்கும்.

@மெட்டுக்காரன், உங்கள் கணக்கு இடிக்கிறது. 19இன் பஞ்சமம் 694.7. சுத்த பஞ்சமத்துக்கு 7 சென்ட் குறைவு, உண்மை. ஆனால் 146.8இல் அது வினாடிக்கு இரண்டுக்குள்தான் விம்ம வேண்டும். மூன்றுக்கு மேல் எப்படி வரும்? ஸ்பானிய இசை அறிஞர் சலினாஸ் 1577இல் எழுதிவைத்த முறையிலும் ஏறத்தாழ இதே பஞ்சமம்தான்.

சுருதிப்பித்தன்:
சமம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சமமாக வைத்துப் பார்த்தேன் என்றுதான் சொன்னேன். அனுபவத்தைக் கேட்டார்கள், எழுதினேன். பரீட்சைத்தாள் இல்லை இது.

பொறுமைசாலி:
நான் ஒரு முறை 31 மெட்டு அடித்தேன், பாதியில் விட்டுவிட்டேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் இனி யாராவது இறங்கினால் நான்கு வார்த்தை.

650 மில்லிமீட்டர் தந்தி நீளத்தில் 19க்கு முதல் மெட்டு 23.3 மில்லிமீட்டரில் வரும். 31க்கு 14.4. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 31இல் ஒரு ஸ்தாயி ஏறித் தந்தியின் பாதி நீளத்துக்குப் போனால் மெட்டுக்கு மெட்டு இடைவெளி ஏழு மில்லிமீட்டர்தான். உங்கள் விரல் நுனியை அளந்து பார்த்துவிட்டு ரம்பத்தை எடுங்கள்.

அடுத்தது, அளவு. ஒவ்வொரு மெட்டையும் தலைப்பக்கத்து நட்டிலிருந்து (தந்தி தாங்கி நிற்கும் சிறு கட்டை) அளக்க வேண்டும். முந்தைய மெட்டிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று போனால், ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை தவறினாலும் பத்தாவது மெட்டில் அது மயிரிழையாக இருக்காது. அட்டவணையை முழு நீளத்துக்கு அச்சிட்டு ஒட்டி, ஒரே மூச்சில் குறித்துவிடுங்கள். அச்சடித்த தாளையும் ஸ்கேலால் ஒரு முறை சரிபாருங்கள், பிரிண்டர் சில சமயம் சுருக்கிவிடும். பசை போடும் முன் தந்தி கட்டிக் கேளுங்கள். முதல் முயற்சியிலேயே பசை போடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன், அவர்களோடு பிறகு பேச முடிவதில்லை.

கீபோர்டுக்காரர்களுக்கும் ஒன்று. மிடி 1.0இல் (கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) பிட்ச் பெண்ட், அதாவது சுருதியை ஏற்றி இறக்கும் கட்டளை, ஒரு சேனலுக்கு ஒன்றுதான். கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டம்) வாசித்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றைத் திருத்த எல்லாமே சேர்ந்து நகரும். அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் பெண்ட் வீச்சு ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். யாரும் கேட்கவில்லை என்று தெரியும்.

கீழ்ஸ்தாயி:
எனக்குக் கருவியே இல்லை. நால்வர், துணைக் கருவி இல்லாமல் பாடினோம். ஒரு சிறு சுற்று: முதல் கார்டு, ஆறாவது, இரண்டாவது, ஐந்தாவது, மறுபடி முதல். நான்கு முறை. ஒவ்வொரு காந்தாரத்தையும் ஒவ்வொரு பஞ்சமத்தையும் விம்மல் இல்லாமல் பிடிப்பது என்று உறுதியாக நின்றோம். அன்று பிடித்ததுபோல் அதற்குப் பிறகு நாங்கள் பிடித்ததில்லை.

முடிந்ததும் பியானோவில் தொடக்கச் சுரத்தைத் தொட்டேன். ஏறக்குறைய அரைச் சுரம் கீழே நின்றுகொண்டிருந்தோம். மற்ற மூவரும் என்னைப் பார்த்தார்கள். கீழ்க்குரல் நான்தான், இறங்கினால் பழி என் மேல்தான் விழும்.

யாரும் இறங்கவில்லை என்று இப்போது தெரியும். விகிதத்தைச் சுத்தமாக வைத்தால் அந்தச் சுற்றே ஒவ்வொரு முறையும் 21.5 சென்ட் இறங்கும். நான்கு முறைக்கு 86, அரைச் சுரம் 100. அன்று இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. 31 சமப் பங்கில் அந்த 21.5 சென்ட் துணுக்கு சுழியாகிவிடும், சுற்று தொடங்கிய இடத்துக்கே வரும். 53 சமப் பங்கு அத்தனை சுத்தம் என்று புகழ்கிறார்களே, அதில் அந்தத் துணுக்கு அப்படியே ஒரு முழுப் படி. எங்களைப் போலத்தான் இறங்கும்.

துளைக்கருவி:
நீங்கள் எல்லோரும் ஸ்தாயியையாவது வைத்திருக்கிறீர்கள். போலன்-பியர்ஸ் என்ற சுர அமைப்பில் அதுவும் இல்லை. 3:1 இடைவெளியை 13ஆகப் பங்கிட்டது, ஒரு படி 146.3 சென்ட். நான் ஒவ்வொரு படியாக ஏறினேன். எட்டாம் படி 1170. மேல் சட்ஜம் வரப்போகிறது, வந்துவிட்டது, இல்லை, 30 சென்ட் கீழே. படிக்கட்டில் இல்லாத கடைசிப் படியை மிதித்தது போல வயிற்றில் ஏதோ விழுந்தது. தெரிந்தேதான் ஏறினேன், அப்படியும் விழுந்தது. இரண்டாவது முறையும் விழுந்தது.

கிளாரினெட் ஒலியில் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம், அதன் கீழ்ப்பகுதியில் ஒற்றைப்படை மேற்சுரங்களே ஓங்கி இருப்பதால். தந்தி ஒலிக்கு மாற்றிப் பார்க்காதீர்கள். அந்த ஒலிக்குள்ளேயே ஸ்தாயி ஒளிந்திருக்கிறது, இரண்டும் சண்டை போடும்.

மெட்டுக்காரன்:
பொறுமைசாலி எழுதியதைப் படித்துவிட்டுக் கிட்டாரைச் சுவரிலிருந்து இறக்கினேன். முந்தைய மெட்டிலிருந்துதான் அளந்திருக்கிறேன், ஒவ்வொன்றாக. 5ஆவது மெட்டு கிட்டத்தட்ட சரி. 11ஆவது, நட்டிலிருந்து 214.9இல் இருக்க வேண்டியது, 213.4இல் இருக்கிறது. கணக்குப்பிள்ளை, உங்கள் இரண்டு விம்மல் போக மீதி என்னுடையது.

பசையும் போட்டுவிட்டேன்.